சத்து மாத்திரை என்று ஒட்டிய பாட்டில்

1

நான் மஸ்கட் வந்து ஐந்து வருஷம் முடிந்த வாரத்தில், என்னைப் பற்றி நானே விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. மாலை மரியாதை எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய மருந்துக் கம்பெனியின் கிளைக்கடை. கிளை என்றால் நான், மருந்து அலமாரிகள், ஒரு குளிர்பெட்டி, நோயாளிகள் உட்கார இரண்டு நாற்காலிகள். காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை, பிறகு சாயங்காலம் நாலரையிலிருந்து ஒன்பது வரை. நடுவில் வெயில், ஊரையே உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தெருவில் தனியாக நிற்கும்.

உத்தரவோடு ஒரு கட்டுப் படிவமும் வந்தது. மருந்து வாங்க வருகிறவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். மருந்தாளுநர் உங்களுக்கு விளங்கும்படி சொன்னாரா? பொறுமையாகச் சொன்னாரா? அவர் சொன்னதில் உங்களுக்குத் திருப்தியா? இப்படி. மருந்தாளுநர் நான். கேட்கிறவனும் நான். படிவம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியாது. ஆகவே என் குணநலன்களை நானே மொழிபெயர்த்து, நானே உரக்க வாசித்து, அவர்கள் மருந்துப் பை என் கையில் இருக்கும்போதே பதில் கேட்க வேண்டும். மறுவீட்டுப் பந்தியில் சம்பந்தி வீட்டுக்காரரே வாளியோடு வந்து "சொதி எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வோமோ, அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். முதல் நாலு கேள்விகளில் நான் மகானாகத் தேறினேன்.

ஐந்தாவது கேள்விதான் வில்லங்கம். 'இந்த ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் வைத்தால் செலுத்தச் சம்மதமா? எவ்வளவு?'

இரண்டு கடை தள்ளி அத்தர் வியாபாரம் செய்யும் சாகுல் காக்கா காயல்பட்டினத்துக்காரர். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். அவரிடம் இதை வாசித்தேன்.

"யாரு வே இதைக் கேக்கது?"

"கம்பெனி கேக்கு, காக்கா."

"மாத்திரைக்குக் காசு வாங்கியாச்சு. மாத்திரையைப் பத்திப் பேசுததுக்கும் காசா? நல்லா இருக்கே நியாயம்! எங்க ஊர்லல்லாம் பேசாம இருக்கதுக்குத்தான் காசு குடுப்பாவ."

"அப்ப சம்மதமில்லைன்னு எழுதட்டுமா?"

"எழுதும். ஆனா நீரு நல்லாத்தான் சொல்லுதீரு. அதையும் எழுதும். காசில்லாம எழுதும்."

சிரித்துக்கொண்டே எழுதினேன். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் கடிதம் வந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

என் அம்மா திருநெல்வேலி டவுனில் இருக்கிறாள். அப்பா காலமான பிறகு அவளோடு என் தங்கை கோமதி மட்டும் இருக்கிறாள். எனக்குப் பதினாலு வயது இளையவள். என்னை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். கடையிலும் எனக்கு அதே பட்டம்தான் என்பதால், வீட்டுக்கும் கடைக்கும் நான் தனித்தனி முகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இருந்தும் வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

அம்மா எழுதியிருந்தாள்: 'சங்கரனுக்கு ஆசீர்வாதம். கோமதிக்கு ராதாபுரத்துல இருந்து ஒரு இடம் வந்துருக்கு. தாலுகா ஆபீசுல வேலை. மூத்த தாரம் போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆகுது, பிள்ளை குட்டி கிடையாது. ஆவணியில பாக்க வாராவ. ஏரல்ல நடந்தது அவுஹளுக்கு அரைகுறையாத்தான் தெரியும், சேரலைன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கோம். நீ பழையபடி நல்ல பாட்டிலா ஒண்ணு பாத்து அனுப்பு. வெளிநாட்டுப் பாட்டிலா இருந்தா இன்னும் நல்லது, ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ.'

பழையபடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோமதிக்கு வலிப்பு நோய். பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் நின்றபோது முதல் தடவை வந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. 'அது' என்போம். அது வந்துட்டு. அது வரலை. சைவக் குடும்பம், அப்பா ரெவினியூவில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. பெயர்ப்பலகை இருக்கிற வீட்டில் சில பெயர்களைச் சொல்ல முடியாது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாள். நாலு வருஷமாக 'அது' வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் தொண்ணூறாம் வருஷம் ஏரலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கல்யாணம் பேசினோம். கல்யாணத்துக்கு முந்திய வாரம் அம்மா என்னிடம் கேட்டாள். "ஏல சங்கரா, அந்த மாத்திரையை அங்கன எப்படிடே கொண்டு போவா? உங்கடையில வேற பாட்டில் இல்லையா?"

இருந்தது. மருந்துக்கடையில் பாட்டிலுக்கா பஞ்சம்? பழுப்பு நிறச் சத்து மாத்திரைப் பாட்டில் ஒன்றைக் காலி செய்து, கழுவி, காயவைத்து, அவளுடைய சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொட்டி மூடினேன். வெளியே இருந்த லேபிள் கிழிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு என் கையாலேயே 'சத்து மாத்திரை, தினம் இரண்டு' என்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். மருந்தாளுநர்களில் அது அபூர்வம்.

3

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருஷ சர்வீஸ். அந்தக் காலத்து நடைமுறை உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் தீர்ந்துபோன அட்டையின் ஒரு துண்டைக் கத்தரித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார்கள். அதை நீட்டி, "இதே மாதிரி ரெண்டு" என்பார்கள். ரெண்டு போதுமா என்று கேட்டால், "ரெண்டுல கேக்கலைன்னா நாளைக்கு வாரேன்." என்ன நோய் என்று நாம் கேட்கக் கூடாது, எத்தனை நாள் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். பரஸ்பர மரியாதை.

நான் மட்டும் விளக்குவேன். இது சாப்பிட்ட பிறகு, இதை நடுவில் நிறுத்தாதீர்கள், இதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டாதீர்கள். கேட்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு பேசுகிறானே, மருந்து மட்டமாக இருக்குமோ? என் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "ஓய், மருந்தைக் குடுத்துட்டுச் சில்லறையை வாங்கும். வாத்தியார் வேலைக்கு நான் உம்மை எடுக்கலை."

ஆனால் பைய ஆள் சேர்ந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு, அதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பதற்கு மட்டும் பஸ் ஏறி என்னிடம் வருவார். போகும்போது ஒரு கவுளி வெற்றிலையை மேஜை மேல் வைப்பார். நான் வெற்றிலை போடுவதில்லை, வேண்டாம் என்பேன். "மாத்திரையைத் தின்னா நோய் போவும் அண்ணாச்சி. நீங்க சொல்லக் கேட்டா பயம் போவுது" என்பார். வெற்றிலை முதலாளிக்குப் போகும். அவர் அதை மென்றுகொண்டே நான் பேசுவதைக் கண்டிப்பார்.

ஊரான் வீட்டு நோயாளிக்கு வலிப்பு மாத்திரை கொடுக்கும்போது நான் சொல்லாமல் விட்டதில்லை. நின்றுபோன மாதிரி இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். தண்ணீர், நெருப்பு, உயரம் மூன்றிலும் கவனம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

கோமதியிடம் சொன்னதில்லை. அவளிடம் நான் சொன்னது, எட்டு வருஷத்தில், "போட்டியா?" மட்டும்தான். அவளும் "போட்டேன்" என்பாள். ஏன் போட வேண்டும், விட்டால் என்ன ஆகும் என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டுமானால் அந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதை நடுவீட்டில் வைத்து யார் சொல்வது? அப்பா ஊஞ்சலில் இருப்பார், அம்மா அடுக்களையில் இருப்பாள். கடை மேஜைக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் எனக்கு வாய் திறந்தது. சொந்தத் தங்கை அந்தப் பக்கம் வந்து நிற்கவில்லை. அவ்வளவுதான்.

4

ஏரல் வீட்டில் அவளை நன்றாகவே வைத்திருந்தார்கள். அவள் மாமியார் வெள்ளை மனசுக்காரி. முதல் தீபாவளிக்கு நான் சீரோடு போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினாள்.

"தம்பி, உங்க சத்து மாத்திரை ரொம்ப நல்லா இருக்கு. நானும் ராத்திரிக்கு ஒண்ணு போடுதேன். என்னமாத் தூக்கம் வருது!"

வலிப்பு மாத்திரை தூங்க வைக்காமல் என்ன செய்யும்? அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த வாரமே இன்னொரு பாட்டிலில் நிஜமான சத்து மாத்திரைகளைக் கொண்டுபோய், "அத்தே, இது வயசானவங்களுக்கு, அது சின்னவங்களுக்கு. மாத்திப் போடாதீங்க" என்று ஒரு ஆலோசனையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தம்மாளுக்கு என் பொறுமையில் முழுத் திருப்தி. ஒரு குறைதான் சொன்னாள். "இதுல தூக்கம் வர மாட்டேங்குதே தம்பி."

இரண்டாம் வருஷம் கோமதி உண்டானாள். நாலாம் மாதம் ஒரு காலைநேரம், ஆற்றுக்குக் குளிக்கப் போனவள் படித்துறையில் விழுந்து தண்ணீருக்குள் போய்விட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கையும் காலும் வெட்டி இழுத்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். நான் போய் நின்றபோது டாக்டர் அவளுடைய பழைய ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "வலிப்பு மாத்திரையை எப்பம்மா நிறுத்துனீங்க?"

"வலிப்பு மாத்திரையா? எம் மருமகளுக்கா?" மாமியாருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆள் மாறிக் கேக்கீங்க டாக்டரு. அவ சத்து மாத்திரைல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்தா. அதையும் நாந்தான் ரெண்டு மாசமா நிப்பாட்டி வச்சிருக்கேன். வயித்துப் பிள்ளைக்குச் சூடு, முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் இருக்கையில இந்தச் சவம் எதுக்குளான்னு..."

அதோடு நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

ரெண்டாம் நாள் பிள்ளை கலைந்தது.

வாத்தியார் மாப்பிள்ளை மூன்று நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். கடைசி நாள் வெளியே வேப்பமரத்தடியில் டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். பிறகு சொன்னார். "எங்கிட்டச் சொல்லிருந்தா நானே நேரம் பாத்து எடுத்துக் குடுத்திருப்பேனே அத்தான்."

குடுத்திருப்பாரா, அல்லது கல்யாணமே வேண்டாம் என்றிருப்பாரா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் பாட்டிலில் போட்டு மூடியிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஏரலிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணை வைத்துக்கொள்வதற்கில்லை என்றார்கள். சீர் சாமான் எல்லாம் திரும்பி வந்தது. ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

5

அடுத்த வருஷமே இங்கே வந்துவிட்டேன். யார் கேட்டாலும் மகள் படிப்புக்காக என்று சொன்னேன். உண்மையில் கடையில் வாய் ஓடவில்லை. வலிப்புச் சீட்டு ஒன்று வந்தால் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, "அடுத்து?" என்பேன். முதலாளிக்குப் பரம சந்தோஷம். சம்பளம்கூட ஏற்றிக் கொடுத்தார்.

சீமைக்கு வருவது சுலபமில்லை. என் டிப்ளமோ உண்மையானதுதான் என்று சென்னையில் ஒருவர் கையெழுத்துப் போட, அவர் கையெழுத்து உண்மையானதுதான் என்று டெல்லியில் ஒருவர் கையெழுத்துப் போட, டெல்லிக்காரரை நம்பலாம் என்று தூதரகத்தில் ஒருவர் முத்திரை குத்தினார். என்னை யாரும் பார்க்கவில்லை. பிறகு இங்கே லைசென்சுக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். நாலாவதோ ஐந்தாவதோ ஒரு கேள்வி: வலிப்பு மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமாகிறாள், மருந்தை நிறுத்தலாமா என்று கேட்கிறாள், நீர் என்ன சொல்வீர்?

தங்குதடையில்லாமல் சொன்னேன். "எக்ஸலண்ட்" என்றார் ஒருவர். தேறிவிட்டேன். வெளியே வந்து, டாக்சி கிடைக்காமல், வெயிலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அரபி கற்றுக்கொண்ட கதை தனி. முதல் மாதத்தில் சாப்பாட்டுக்கு முன், பின் என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒரு கிழவருக்குத் தலைகீழாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கோபித்துக்கொள்ளாமல், எனக்கு இரண்டு வார்த்தைகளையும் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். தவறான ஆலோசனைக்காக எனக்கு அவர் நடத்திய இலவச வகுப்பு. அதற்குப் பிறகு பழையபடி நானும் வாயைத் திறக்கத் தொடங்கினேன். அந்நிய பாஷையில் சொல்வது எளிதாகவும் இருந்தது. அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நம் வீட்டு ஊஞ்சல் ஆடுவதில்லை.

என் மகள் மீனாவுக்குப் பதின்மூன்று வயது. வரும்போது 'அங்கன', 'இங்கன' என்று பேசிக்கொண்டிருந்தவள். இப்போது தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினால் அது இந்தியில் திரும்பி இங்கிலீஷில் போய் இறங்குகிறது. தமிழ் படிக்கத் தெரியாது. ஆச்சியின் கடிதத்தை அவள் அம்மாதான் வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கும் என் மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் சமாசாரம் வந்ததும் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தடவையும் செஞ்சு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"என்ன பாட்டில்?" என்றாள் மீனா.

"ஒண்ணுமில்லை. அத்தைக்கு அது..."

"எது?"

என் மனைவி கடிதத்தை மடித்தாள்.

"எபிலெப்சியா?" என்றாள். "எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு இருக்குப்பா. அவன் பேக்ல கார்டு இருக்கும். வந்தா என்ன செய்யணும்னு எங்க எல்லாருக்கும் டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு பக்கமா படுக்க வைக்கணும், வாய்ல எதையும் வைக்கக் கூடாது. அத்தைக்கு இருக்குன்னு ஏன் எங்கிட்ட யாரும் சொல்லலை?"

பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே உள்ள தமிழர்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம். நானும் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், அவள் எங்களை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறாளோ அவ்வளவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது.

6

சாகுல் காக்கா அந்த மாதம் ஊருக்கு லீவில் போனார். கோமதியின் டாக்டர் சீட்டு நகல் என்னிடம் உண்டு. அதன்படி ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கி ஒரு வெள்ளைப் பாட்டிலில் போட்டேன். லேபிளில் தமிழில் எழுதினேன். 'கோமதி. வலிப்பு நோய்க்கான மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. நோய் வராவிட்டாலும் தொடர்ந்து சாப்பிட வேண்டும். டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆபத்து.' அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பிள்ளை உண்டானால் என்ன செய்வது என்ற வரி அது; என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். பேனாவை மூடிவிட்டேன்.

காக்கா பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முழுக்கப் படித்தார்.

"வே, இப்படி வெட்டவெளிச்சமா எழுதிருக்கீரு. பொண்ணு பாக்க வார நேரம்லா?"

"அதுக்குத்தான் காக்கா."

அவர் கொஞ்சநேரம் பாட்டிலை உருட்டிக்கொண்டிருந்தார். "எந் தங்கச்சி மவளுக்கும் இருக்கு. நாங்க 'பயந்துட்டா'ன்னு சொல்லிக்கிடுவோம். இருவது வருஷமா அந்தப் பிள்ளை பயந்துக்கிட்டே இருக்கு" என்றார். பிறகு பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டியில் போடவில்லை.

ஆவணி முழுக்க ஒரு தகவலும் இல்லை. புரட்டாசியில் கோமதியிடமிருந்து ஒரு இன்லண்ட் அளவுக்குச் சின்னக் கடிதம். 'வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் இருப்பேன், கூப்பிடுங்கள்' என்று எழுதி நம்பர் கொடுத்திருந்தாள். அம்மாவோடு சேர்ந்து வந்து பேசுவாளே ஒழிய, தனியாக என்னைக் கூப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணாச்சி, பாட்டில் வந்துட்டு. அந்தக் காக்கா வீட்டுக்கே வந்து எங்கையில குடுத்தாவ. வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்னுட்டாவ."

"அம்மா என்ன சொன்னா?"

"பாட்டிலைப் பாத்து சந்தோஷப்பட்டா. லேபிளைப் படிச்சுட்டு ரெண்டு நாள் பேசலை. நகத்தை வச்சுச் சுரண்டிப் பாத்தா, வரலை. என்ன பசை போட்டீங்க?" சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று.

"ராதாபுரத்துக்காரங்க வந்தாங்களா?"

"வந்தாவ. அவுஹ நல்ல மாதிரிதான். காப்பி கொண்டு போனேன்லா, பாட்டிலையும் அந்தத் தட்டுலயே வச்சுக் கொண்டு போயிட்டேன்."

"ஏளா!"

"வேற என்ன செய்ய? நானாச் சொன்னா பாதியில அழுதுருவேன். அதுல எல்லாம் எழுதிருக்குல்லா. அவுஹ எடுத்து ஒரு எழுத்து விடாமப் படிச்சாவ. 'நல்லா விளங்கும்படியா எழுதிருக்காரே, யாரு?'ன்னு கேட்டாவ. எங்க அண்ணாச்சின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேசரியும் சாப்பிட்டாவ. ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்னாவ. ஒரு மாசம் ஆச்சு. அம்மா இன்னும் தபால்காரனைப் பாத்துக்கிட்டு நிக்கா. நான் நிக்கலை. மாத்திரை ரெண்டு வேளையும் போடுதேன். இப்ப ஒளிஞ்சு போட வேண்டாம்லா, கூடத்துல வச்சே போடுதேன்."

நல்லது என்றேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் கூப்பிடச் சொன்னேன்."

"கேளு."

"அன்னைக்கு ஏரல்ல, எனக்கு நாள் தள்ளிப் போனப்ப, மாத்திரையைப் போடுததா வேண்டாமான்னு உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்துச்சு. அத்தை வேண்டாங்காவ. எனக்குந்தான் அஞ்சாறு வருஷமா வரலையே, பிள்ளைக்கு ஆகாதோ என்னமோன்னு ஒரு பயம். லெட்டர் எழுதுனா அங்கன பிரிச்சுப் படிப்பாவ. நீங்க வந்தா எல்லாரும் கூட இருப்பாவ. கேக்கலாம்னும் தெரியலை. நீங்களும் அதைப் பத்தி ஒருநாளும் பேசுனதில்லை." மூச்சு வாங்கினாள். "அப்ப நான் கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் அவ்வளவு மருந்து இல்லை, என்ன செய்திருந்தாலும் விதி விட்டிருக்காது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் நான் சொன்னதையெல்லாம் நம்பியே வந்தவள். அது ஒரு அண்ணன் சொல்லக்கூடிய பதில்தான். வாய்வரை வந்தது.

"நிறுத்தாதேன்னு சொல்லிருப்பேன்" என்றேன். "மாத்திரையை அப்படியே போட்டுக்கிட்டு, உடனே டாக்டரைப் போய்ப் பாருன்னு சொல்லிருப்பேன். அவங்க அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத் தருவாங்க. கூடவே ஃபோலிக் ஆசிட்னு ஒரு சின்ன மாத்திரை. ஆத்துல தனியாக் குளிக்காதே, வீட்டுல யார்கிட்டயாவது சொல்லி வைன்னு சொல்லிருப்பேன்."

"பிள்ளைக்கு?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நல்லபடியாத்தான் பிறக்கும்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு திரும்புவது கேட்டது. யாரோ பூத்துக் கதவைத் தட்டினார்கள்.

"இவ்வளவுதானா, அண்ணாச்சி?"

"இவ்வளவுதான், கோமு."

"சரி" என்றாள். "வெளிய ரெண்டு பேர் நிக்காவ. வச்சிருதேன்."

ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.